வண்டிக்கு அடியில் விரித்த சாக்கு

மே 5, திங்கள்

நான் சொல்கிறேன், மருமகள் கோகிலா எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். காலையில் சங்கத்து ரத்தினம் வந்து, "காளியண்ணா, பாத்தத அன்னன்னைக்குச் சொல்லி எழுத வெச்சுக்கங்க. கேசு வருசக்கணக்குல இழுக்கும். அப்ப வந்து நெனச்சுப் பாத்தா ஒண்ணும் நிக்காது" என்றான். எனக்கு நிற்கும். நான் கிளீனராக ஏறிய முதல் லாரியின் ஸ்டெப்னியில் எந்தப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் எழுதட்டும் என்றேன். எழுதினதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. சங்ககிரி பைபாஸில், சிமெண்ட் ஏற்றும் கரண்டு லாரிகளுக்குச் சார்ஜ் போடுகிற யார்டு. அங்கே நான் கேட்டு வாட்ச்மேன். என் மகன் தனபால் அந்த லாரிகளில் ஒன்றுக்கு டிரைவர். செங்கோடன் இன்னொன்றுக்கு. தனபால் சார்ஜ் முடிந்து வண்டியை எடுத்தான். அடியில் செங்கோடன் தூங்கிக்கொண்டிருந்தான். நேராக எடுத்திருந்தால்கூடத் தப்பியிருப்பான். வண்டி வளைந்து வெளியே வரும்போது பின்சக்கரம் உள்ளே வாங்கி அவன் மேல் ஏறிவிட்டது.

இவ்வளவு சொன்னதும் கோகிலா பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து, "சொல்லுங் மாமா" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

தனபாலை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். கவனக்குறைவாக ஓட்டி ஆளைக் கொன்றதாகக் கேசு. நிரூபணமானால் ஜெயில். லைசென்ஸும் போகும். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தவனில்லை. கம்பெனிக்காரர்கள் அவன் போனுக்குள் இருக்கிற வேலைக் கணக்கை மூடிவிட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சோறு வேண்டாம் என்கிறான்.

ஏட்டு என்னிடம் கேட்டார்: "பெரியவரே, அடியில ஒரு சாக்கு விரிச்சிருந்துதே, அது யாருது?"

தெரியாதுங் என்றேன்.

லாரிக்காரர்கள் லாரிக்கு அடியில் படுப்பது உலகத்துக்கே தெரியும். டிரைவர் கேபினில், கிளீனர் அடியில். நான் அகோலாவில், ஹூப்ளியில், குண்டூர் மிளகாய் மண்டி வாசலில் என்று எல்லா ஊரிலும் படுத்திருக்கிறேன். வெயிலுக்கு அதைவிட நிழல் கிடையாது. பயம் ஒன்றும் இல்லை. சாவியைத் திருகினால் சேஸ் என்கிற அடிச்சட்டம் நடுங்கும். அந்த நடுக்கம் தரையில் இறங்கி நம் முதுகில் ஏறும். காது தூங்கும், முதுகு தூங்காது. புழுதி மூக்கில் ஏறுவதற்குள் உருண்டு வெளியே வந்து நிற்போம். வந்து பாடியில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் டிரைவர் கியர் போடுவார். ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு தட்டு என்றால் போ.

இந்தப் புது வண்டிகளுக்குக் கிளீனர் கிடையாது. அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். "அதான் சுத்தி கேமரா இருக்கே பெரியவரே" என்பார் மேனேஜர். கேமரா இருக்கிறது. ஒன்று டிரைவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். கொட்டாவி விட்டால் கத்தும். அடியில் பார்க்கிறது எதுவும் இல்லை.

மே 7, புதன்

ஆட்டுக்கு வேப்பந்தழை ஒடித்துப் போட்டேன். தண்ணீர் வரவில்லை. தனபால் ஒரு டம்ளர் மோர் குடித்தான். மோரைப் பார்த்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

மே 8, வியாழன்

மேனேஜர் நிரஞ்சன் கூப்பிட்டு விட்டார். நல்ல பையன்தான், வணக்கம் சொன்னால் எழுந்து நிற்பான். ஏசி ரூமில் உட்கார வைத்தான். யார்டில் ரெண்டு ரூமுக்கு ஏசி. ஒன்று அவனுடையது. இன்னொன்று மாற்று பேட்டரி அடுக்கி வைத்திருக்கிற ரூம். பேட்டரி சூடாகக் கூடாதாம். டிரைவர்களுக்கு ரூம் இல்லை.

"ஐயா, சனிக்கிழமை செங்கோடன் குடிச்சிருந்தாரு இல்ல?"

"அவன் குடிக்க மாட்டானுங் தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குடிச்சுட்டு, படுக்கக் கூடாத இடத்துல படுத்துட்டாருன்னா, தப்பு அவர் மேல போயிடும். உங்க பையன் மேல கேசு நிக்காது. கம்பெனிக்கும் தலைவலி இல்ல. கேட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க வார்த்தைதான் சாட்சி."

"ஆஸ்பத்திரியில பாத்திருப்பாங்களே தம்பி?"

"ரிப்போர்ட் வர மாசமாகும் ஐயா. அதுக்குள்ள விசாரணையே முடிஞ்சிடும்."

"படுக்கக் கூடாத எடம்னா, படுக்கற எடம் எதுங்?"

அவன் சிரித்தான். "சார்ஜ் ஏற்ற நேரத்தை நாங்க ஓய்வு நேரம்னுதான் கணக்கு வெச்சிருக்கோம். கேபின்ல படுக்கலாமே."

கேபினில் படுக்கலாம்தான். சார்ஜ் ஏறும்போது கேபின் ஏசி ஓடாது. சீக்கிரம் ஏறட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்துக்கு முந்தின நாள், தகரப் பெட்டிக்குள் மனுசனை வைத்துக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும். வண்டியை விட்டுத் தள்ளியும் போகக் கூடாது. கன்ட்ரோல் ரூமில் இருந்து போன் வந்ததும் உடனே வண்டியை எடுத்தாக வேண்டும், அடுத்த வண்டி வரிசையில் நிற்கும். இதற்குப் பேர் ஓய்வு. ஓய்வெடுத்தது பேட்டரி.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்கிறேன் என்று ஏன் சொன்னேன் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன்.

மே 9, வெள்ளி

இன்றைக்குத் தனபாலைக் கேட்டேவிட்டேன்.

"எடுக்கறதுக்கு முந்தி ஆன் பண்ணி நிறுத்துனயா?"

"நிறுத்துனேனுங்ப்பா."

"எவ்வளவு நேரம்?"

"கும்பிட்டேன், கண்ணாடி பாத்தேன், கன்ட்ரோலுக்குச் சரின்னு அமுக்குனேன். அதுவரைக்கும் ஆன்லதான இருந்துது."

"அப்பிடின்னா செங்கோடன் எந்திரிச்சிருப்பான்."

"எந்திரிக்கலீங்களே."

"லாரிக்கு அடியில எத்தன வருசம் படுத்தவன் நான். வண்டி உயிர் வந்தா செத்தவனே எந்திரிப்பான்டா. அவன் எந்திரிக்கலைன்னா நீ ஆன் பண்ணுன கையோட எடுத்திருக்கோணும். பின்னாடி வண்டிக்காரன் திட்டுவான்னு அவசரப்பட்டிருக்கோணும். அதச் சொல்லிப்போடு. ஒத்துக்கிட்டாலாச்சும் மனசு ஆறும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எட்டு வயதில் பம்பரத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு நின்றானே, அதே முகம். "நான் பொய் சொல்றனாப்பா?" என்றான்.

நான் எழுந்து சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன். செங்கோடன் குடிக்கவில்லை. குடிக்காத லாரிக்காரன் நடுங்குகிற வண்டிக்கு அடியில் தூங்க மாட்டான். அப்படியென்றால் என் மகன் பொய் சொல்கிறான்.

எழுது அம்மணி என்றேன். கோகிலா எழுதிவிட்டாள். அவள் கை நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருக்கிறான், எல்லாம் கேட்கும்.

மே 11, ஞாயிறு

நேற்று கோகிலா நோட்டைத் தொடவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. இன்றைக்கு அவளாக வந்து உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணு நானும் எழுதிக்கறனுங் மாமா" என்றாள். எழுதிக்கொள் என்றேன். என்ன எழுதினாள் என்று கேட்டதற்கு, "எங்கூட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாருன்னு எழுதியிருக்கேன்" என்றாள்.

இருக்கட்டும்.

மே 12, திங்கள்

செங்கோடன் வீட்டுக்குப் போனேன். எடப்பாடி ரோட்டில், தறிக்கூடத்துக்குப் பின்னால். வாசலில் இன்னும் சாமியானா பிரிக்கவில்லை. அவன் சம்சாரம் பாவாயி வெளியே வந்தது. என்னை அடிக்கும் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ள வாங்ண்ணா" என்றது.

"கம்பெனியில இருந்து ஆள் வந்தாங்கண்ணா. அவரு குடிச்சிருந்தாருன்னு ஒரு காயிதத்துல கையெழுத்துக் கேட்டாங்க. நான் போடலை. அவரு பீடிகூடக் குடிக்க மாட்டாரு. நீங்கதான அவருகூடச் சாப்புட்டது? சொல்லுங்ண்ணா, குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. மோர்ச்சோறு தின்னான். என்ற தூக்குப்போசியில இருந்துதான் மோர் ஊத்துனேன்."

"அப்பறம் ஏனுங்ண்ணா அங்க போயிப் படுத்தாரு?"

விடிய விடிய ஓட்டிவிட்டு வந்தவன். சாப்பிட்டதும் கேட்டருகிலேயே உட்கார்ந்தபடி தலை சாய்ந்தான். அவன் வண்டி வரிசையில் வெயிலில் நின்றது. தனபால் வண்டிதான் சார்ஜர் ஓரமாக, கொட்டகை நிழலில் நின்றது. "ஏண்டா கழுத்த ஒடிச்சுக்கற, அடியில போயி நிம்மதியாப் படு. நாங்கெல்லாம் அங்கதான் வளந்தோம்" என்றேன். "சுடுமேண்ணா" என்றான். என் நாற்காலிக்கு அடியில் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்துக் கொடுத்தேன். "எடுக்கும்போது நடுங்கும், எந்திரிச்சுக்குவ" என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனான். தனபால் அப்போது சிமெண்ட் லோடுக்குச் சீட்டு வாங்க ஆபீஸுக்குப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது. பிற்பாடு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நான், அவன் வந்து ஏறியதைப் பார்க்கவில்லை.

பாவாயியிடம் இவ்வளவையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, வாசலில் தெரிந்த சாமியானாக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னேன். அது உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. அப்புறம், "அத ஆபீசர்ககிட்டயும் சொல்லோணும்ண்ணா. குடிக்கலைன்னு சொல்லோணும்" என்றது.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் இதை எழுதச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குடிக்கலைன்னு நீங்க சொல்லிட்டா, தப்பு இவரு மேலதான வரும்?"

ஆமாம் அம்மணி.

எழுதினாள்.

மே 14, புதன்

நாளைக்கு யார்டுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். லேபர் ஆபீஸ் அம்மாவும் வருகிறதாம். வண்டியைச் சோதிப்பார்கள், எல்லாரையும் விசாரிப்பார்கள். தனபாலையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சட்டையைக் கோகிலா தேய்த்து வைத்திருக்கிறாள். என் வேட்டியையும்.

மே 15, வியாழன்

கோகிலா, மெதுவாக எழுது. ஒன்றும் விடக் கூடாது.

வெயில் ஏறியிருந்தது. சனிக்கிழமை நின்ற அதே இடத்தில் அந்த வண்டியை நிறுத்தியிருந்தார்கள். சார்ஜர் பெட்டியின் காத்தாடி ஹோ என்று ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார், பிரேக்கை அமுக்கினார், எல்லாம் சரி என்றார். லேபர் ஆபீஸ் அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. "டிரைவருங்க ஓய்வெடுக்கற ரூமைக் காட்டுங்க" என்று கேட்டது. நிரஞ்சன், கட்டப் போகிறோம் என்றான். பாவாயி ஓரமாக நின்றது. தனபால் அதைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்து நின்றான்.

என்னைக் கூப்பிட்டார்கள். குடித்திருந்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சாக்கு என்னுடையது என்றேன். படு என்று சொன்னதும் நான்தான் என்றேன். ஏட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிரஞ்சன் முன்னால் வந்தான். "மேடம், குடிக்கலைன்னே வெச்சுக்கிட்டாலும், வண்டி ஆன் ஆனதும் எந்திரிச்சிருக்கணும்ல? இந்த வண்டியில, நடந்து போறவங்களுக்குக் கேக்கணும்னே தனியா சத்தம் வெச்சிருக்கு."

லேபர் ஆபீஸ் அம்மா என்னைக் கேட்டது. "நீங்க சொல்லுங்க பெரியவரே. நிறைய வருசம் லாரியில இருந்தவரு. ஏன் எந்திரிக்கல?"

"நடுங்கியிருந்தா எந்திரிச்சிருப்பானுங்" என்றேன். சொல்லிவிட்டுத் தனபாலைப் பார்த்தேன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் தலையை நிமிர்த்தினான். வந்ததில் இருந்து அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அப்பா. நீங்களே படுத்துப் பாருங்."

"ஏய், பெத்தவருகிட்ட என்ன பேசற" என்று கூட வந்திருந்த ரத்தினம் அதட்டினான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். படுக்கிறேன் என்றேன். எனக்கென்ன பயம். அங்கே வளர்ந்தவன் நான். நடுங்கும்போது எழுந்து வருவேன், எல்லாரும் பார்க்கட்டும், அப்புறம் அவன் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். மறைக்காமல் எழுது.

லேபர் ஆபீஸ் அம்மா வேண்டாம் என்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் யோசித்தார். எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்கச் சொன்னார். தானே கேபினில் ஏறிக்கொண்டார். "நகத்த மாட்டேன். ஆன் மட்டும் பண்ணுவேன்" என்றார். நான் நாற்காலியில் கிடந்த இன்னொரு சாக்கை எடுத்துப் போய் விரித்தேன். முட்டி மடங்க மறுத்தது. ஒரு வழியாக உள்ளே நகர்ந்து, நீளவாக்கில் மல்லாந்து படுத்தேன்.

எத்தனை வருசத்துக்கு அப்புறம். ஆனால் அந்த வாசனை இல்லை. டீசல் இல்லை, கிரீஸ் இல்லை, சூடான ஆயில் சொட்டும் இல்லை. புது ரப்பர் வாசனை மட்டும். கண்ணை மூடிக்கொண்டேன். சாக்கு போட்டதில் சிமெண்ட் தரையின் சூடு தெரியவில்லை. செங்கோடனும் இப்படித்தான் கண்ணை மூடியிருப்பான்.

முதுகைத் தரையோடு ஒட்டி வைத்துக் காத்திருந்தேன். காத்தாடிச் சத்தம். ரோட்டில் போகிற பஸ் சத்தம். யாரோ இருமினார்கள். இன்னும் காத்திருந்தேன். இன்ஸ்பெக்டருக்கு இந்த வண்டியை ஆன் பண்ணத் தெரியவில்லை போல என்று நினைத்தேன். அல்லது மேலே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருசம் பார்த்திருக்கிறேனே, ஆபீசர்கள் வந்தால் பேச்சு முடியாது. கண்கூடச் சொக்கியது.

"ஏனுங் சார், எடுங்! எத்தன நேரமுங் படுத்திருக்கறது?" என்று கத்தினேன்.

காத்தாடிச் சத்தம்தான் கேட்டது.

"சார்! ஆன் பண்ணுங்!"

கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தேன். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கால்கள் நின்றன. ஷூ, செருப்பு, போலீஸ் பூட்ஸ். ஒன்றும் அசையவில்லை. அதில் ஒரு ஜோடி கால் மட்டும் மடங்கியது. பாவாயி குனிந்து உள்ளே பார்த்தது. அதன் கண்ணில் இருந்து தண்ணீர் நெற்றிப் பக்கமாக வழிந்தது.

"ஓடிட்டுத்தானுங்ண்ணா இருக்குது" என்றது. "நீங்க படுத்தப்பவே போட்டுட்டாங்க."

நான் கையை உயர்த்தி சேஸைத் தொட்டேன். உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தினேன். சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

என்னை வெளியே இழுத்தது தனபால். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், எழுந்து நின்ற பிறகும் விடவில்லை. நடுங்கியது நான்தான். அப்புறம் என்னைத் தள்ளி நிறுத்தி, கட்டையை எடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வண்டியை மெதுவாக நகர்த்தினார். சக்கரம் உருண்டதற்கு அப்புறம்தான் ஙீ என்று ஒரு சத்தம் வந்தது. கொசு மாதிரி. லேபர் ஆபீஸ் அம்மா நிரஞ்சனைப் பார்த்து, "இதுவா நீங்க சொன்ன சத்தம்?" என்று கேட்டது. அவனுக்கும் மூஞ்சி வெளுத்துவிட்டது. பாவம், அவனும் அடியில் படுத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனபால் சோறு கேட்டான். தின்றான். பாதியில் நிறுத்திவிட்டு அழுதான். "அவன் மேல ஏத்துனது நான்தானப்பா, அது மாறாதுல்ல" என்றான். மாறாது. நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை சொன்ன அந்த வரியை அடித்துவிடட்டுமா என்று கோகிலா கேட்கிறாள். அடிக்காதே. நான் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். அதற்குக் கீழே நீ எழுதியது இருக்கிறதல்லவா, அது போதும்.

மே 19, திங்கள்

தனபால் மேல் தனியாகத் தப்புச் சொல்ல முடியாது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கேசு இன்னும் இருக்கிறது. ரத்தினம் அலைகிறான்.

யார்டில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு, சிவப்பு எழுத்தில். அதன் நிழலில் ரெண்டு டிரைவர்கள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சோறு கொண்டுவந்த கோகிலாவிடம், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங் மாமா."

"எங்க படுக்கோணும்னு போட்டிருக்குதா?"

அவள் போர்டைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பார்த்தாள். "இல்லீங் மாமா. அவ்வளவுதான்."

சாப்பிட்டுக் கை கழுவினேன். பேட்டரி ரூமைப் பார்த்தேன், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. படுத்திருந்த ரெண்டு பேரையும் எழுப்பி, இப்படிச் செய்யப் போகிறேன் என்றேன். வரிசையில் நின்ற மற்றவர்களிடம் அவர்கள் போய்ச் சொன்னார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் கேபினை விட்டு இறங்கி வந்தார்கள்.

நான் போய் கேட்டைச் சாத்தினேன். சங்கிலியைச் சுற்றிப் பூட்டைப் போட்டேன். நாற்காலியைக் கேட்டுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படுக்க ஒரு ரூம், வண்டிக்கு ஒரு கிளீனர், ரெண்டும் வரட்டும், அப்புறம் திறக்கிறேன்.

நிரஞ்சன் ஏசி ரூமில் இருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தான். அந்த ரூமில் இருந்து கேட்டுக்கு வெகுதூரம். வண்டிச் சத்தம் ஒன்றும் இல்லை, அவன் கத்தினது அங்கிருந்தே நன்றாகக் கேட்டது.